மருட்கை, விசித்திரம், ஒரு மாதிரி

முன்பு கண்டிராத ஒன்று எதிர்ப்படும்போது மனத்தில் எழும் நிலைக்குத் தமிழின் மிகப் பழைய இலக்கண நூல் இட்ட பெயர் மருட்கை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. சிரிப்பு, அழுகை, இழிவுணர்வு ஆகிய மூன்றையும் அடுத்து மருட்கை வருகிறது. அதற்கு அடுத்து நிற்பது அச்சம். மருட்கை நான்கு வழிகளில் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். கண்ட பொருள் புதியதாக இருக்கலாம். அளவு மீறிப் பெரியதாகவோ நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாகவோ இருக்கலாம். ஒன்றாக இருந்தது வேறொன்றாக ஆகியிருக்கலாம். இந்த நான்கோடு அவர் சேர்க்கும் ஓர் அடைதான் ஊன்றிப் பார்க்க வேண்டியது. அறிவு இன்னும் நிறையாத இடத்தில் பிறப்பது இவ்வுணர்வு என்பது அதன் கருத்து. பொருள் எப்படிப்பட்டது என்று சொன்னதோடு நில்லாமல், அதைக் காண்பவரின் அறிவு நிலையையும் இலக்கணத்துக்குள் வைத்துவிட்டார். உரையாசிரியர்கள் மருட்கைக்கு வியப்பு என்று பொருள் எழுதினார்கள். அது சரியே. ஆயினும் வியப்பு என்ற சொல்லில் இல்லாத ஒரு தடுமாற்றம் மருட்கையில் இருக்கிறது.

அந்தத் தடுமாற்றம் மருள் என்ற வேரிலிருந்து வருவது. மருளுதல் என்றால் மயங்குதல், இதுவா அதுவா என்று தெளியாமல் நிற்றல். பகலும் இரவும் கலந்து கிடக்கும் மாலைப்பொழுதுக்குப் பழம்பாடல்களில் மருள் என்ற அடை வரும். வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடியும் செய்யுளுக்கு யாப்பிலக்கணத்தில் மருட்பா என்று பெயர்; இரண்டு பாவும் ஒன்றில் மயங்கியிருப்பதால் அப்பெயர். கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுபவரை மருளாடி என்கிறார்கள். அந்நேரத்தில் ஆடுவது ஆளா தெய்வமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாடு மிரண்டது என்கிறோமே, அந்த மிரளுதலும், கொல்லைப் பொம்மையின் பழைய பெயரான வெருளியில் உள்ள வெருளுதலும் ஒலியாலும் பொருளாலும் மருளுக்கு நெருங்கிய சொற்கள். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழி இந்தச் சொல்லின் பொருளை அப்படியே எடுத்து வைக்கிறது. பேய் இருட்டில் இல்லை, மருண்டவன் கண்ணில் இருக்கிறது. இப்பழமொழியை இன்று அரண்டவன் என்று தொடங்கிச் சொல்பவர்களே மிகுதி. மருள் என்ற வினை பேச்சிலிருந்து நழுவியதால், ஓசையில் நெருங்கிய வேறொரு வினை அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

மருளின் மிக நுட்பமான ஆட்சிகளில் ஒன்று வடதமிழ்நாட்டுக் கடற்கரையூரான கடப்பாக்கத்தின் மண்ணோடு தொடர்புடையது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கடப்பாக்கம் இன்று அடங்கியிருக்கும் பேரூராட்சியின் பெயரும் இடைக்கழிநாடுதான். கிழக்கே கடல், மேற்கே கழி, நடுவில் நீளும் மணல்நிலம் என்ற இயற்கை அமைப்பு அப்பெயரிலேயே தெரிகிறது. நூல் 269 அடிகள் கொண்டது. ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனிடம் பரிசு பெற்று வந்த பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்தது. அந்த வழி கடற்கரையோரம் எயிற்பட்டினத்துக்குச் செல்கிறது.

அக்கரையில் பூத்திருக்கும் ஒவ்வொன்றும் வேறொன்றாகத் தோன்றுவதாகப் புலவர் காட்டுகிறார். தாழையின் வெண்மடல் அன்னமாக, கழிமுள்ளி நீலமணியாக, புன்னையரும்பு முத்தாகத் தெரிகின்றன. புதிதாகப் பூத்த செருந்தியைச் சொல்லும் இடத்தில் மட்டும் அவர் போடும் வினை மருட்டு. செருந்தி பொன் போல இருக்கிறது என்று சொல்லாமல், பொன்னோ என்று பார்ப்பவரை மயங்கச் செய்கிறது என்கிறார். தொல்காப்பியர் நான்காவதாகச் சொன்ன ஆக்கம் இதுதான். பூ பொன்னாக மாறவில்லை. அயலூரிலிருந்து வரும் பாணனின் கண்ணில் ஒரு கணம் மாறியது.

அதே பகுதியில் இன்னொரு காட்சி. கடலலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரக்கட்டைகள் கரையில் கிடக்கின்றன. உரைகாரர் அவற்றை அகில் என்கிறார். அக்கட்டைகள் ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவது போல் தோன்றுகின்றன என்கிறது பாட்டு. நெய்தல் நிலத்துக்கு ஒட்டகம் உரிய விலங்கே இல்லை. ஆனாலும் கேட்பவருக்குப் புரியும் என்ற நம்பிக்கையில் புலவர் அதை உவமையாக்கியிருக்கிறார். வணிகத்தால் ஒட்டகம் அறிமுகமாயிருந்த காலம் அது. இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் இது நல்ல உவமை, அவ்வளவுதான். நத்தத்தனார் நிறுத்தவில்லை. அந்தக் கட்டையை நுளைமகள் எடுத்து அடுப்பில் வைத்துக் கரும்புகை எழத் தீ மூட்டுகிறாள். அவள் வடித்த கள்ளைப் பரதவர் விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். வழிப்போக்கனுக்கு ஒட்டகமாகத் தெரிந்தது அந்தக் கரைப் பெண்ணுக்கு விறகு. ஒரே பொருளை இரண்டு கண்கள் பார்ப்பதை ஒரே மூச்சில் வைத்த இந்தச் சில அடிகள், விந்தை என்பது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குத் தமிழ் தந்த மிகச் சிறந்த விடைகளில் ஒன்று.

இதே எண்ணத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னவர் கணியன் பூங்குன்றனார். புறநானூற்றின் 192ஆம் பாட்டில், தெளிந்த அறிவோடு உலகைக் கண்டுவிட்டதால் பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார். தொல்காப்பியர் மருட்கைக்குக் களமாக வைத்த பெருமையும் சிறுமையும் இங்கேயும் வருகின்றன. அறிவு நிறையாத இடத்தில் மருட்கை பிறக்கும் என்றால், தெளிந்த இடத்தில் வியப்பு அடங்கும் என்பது அதன் மறுபாதி. இரண்டு நூலும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத் தமிழ் மனம் இவ்வுணர்வைக் காண்பவரின் பக்கத்தில் வைத்து எண்ணியது என்பதற்கு இரண்டும் சான்று.

மருட்கைக்கு அடுத்து அச்சத்தைத் தொல்காப்பியம் வைத்ததற்கு 2004 டிசம்பர் 26 காலையைவிடக் கொடிய விளக்கம் இந்தக் கரைக்கு வேண்டாம். மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கி, நீருக்கடியில் இருந்த பாறைகள் வெளியே தெரிந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ஆழிப்பேரலை தாக்கிய பல கரைகளில், உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்க நின்றவர்களையும் கிளிஞ்சல் பொறுக்க இறங்கிய பிள்ளைகளையும் அலை கொண்டுபோனது. கண்டிராத காட்சி முதலில் கால்களை இழுத்தது; அச்சம் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. அதே அலை மணலை அரித்துச் சென்ற பிறகுதான் சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டுகள் புலப்பட்டன. அங்கே அகழ்ந்த இந்தியத் தொல்லியல் துறை, பல்லவருக்கும் முற்பட்ட செங்கல் அடித்தளம் கொண்ட முருகன் கோயிலை வெளிக்கொணர்ந்தது. ஆழிப்பேரலைக்குச் சுனாமி என்ற சப்பானியச் சொல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடிசைக்கும் தெரிந்த சொல்லானது அந்த ஒரு நாளில்தான். பெயர் தெரிந்த பிறகு, கடல் உள்வாங்குவதைக் காணும் பலர் அதை விந்தை என்று நின்று பார்ப்பதில்லை, ஓடுகிறார்கள்.

பல்லவர் காலத்தில் வேறொரு சொல் இந்த நிலத்துக் கல்லில் ஏறுகிறது. விசித்திரம் வடமொழிச் சொல். சித்திரம் என்ற சொல்லோடு வி என்னும் முன்னொட்டுச் சேர்ந்தது. பல வண்ணம் உடையது, பலவகைப்பட்டது, கண்ணைக் கவர்வது என்பன அதன் முதற்பொருள்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்களில் விசித்திரசித்தன் என்பது ஒன்று. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் அவன் குடைவித்த குகைக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டில் அப்பெயர் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசுவரனுக்கும் விட்டுணுவுக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை அமைத்தான் என்பது அக்கல்வெட்டின் செய்தி. தமிழகத்தில் கோயில் என்றால் அந்த நான்கு பொருள்களால் கட்டுவதுதான் என்றிருந்த காலம். அவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல் பாறையையே கோயிலாக்கியவன் தன்னை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்வது என்று எண்ணி, விசித்திர மனம் கொண்டவன் என்ற பெயரைத் தேர்ந்திருக்கிறான். புதியன புனையும் மனம், பல திசையிலும் விரியும் மனம் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். அவனுடைய மற்றொரு பட்டம் சித்திரகாரப்புலி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விசித்திரம் என்பதில் சித்திரத்தின் வண்ணம் இன்னும் ஈரமாக இருந்த காலம் அது என்பது தெரியும்.

செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள வல்லத்துக் குகைக்கோயிலில் அதே மன்னனின் பட்டங்கள் தமிழிலேயே வெட்டப்பட்டுள்ளன. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் ஆகியவை அங்கே உள்ளன. மன்னனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரின் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் அது. இவற்றுள் குணபரன் என்ற பட்டம் இந்த உரைக்குப் பொருந்திய ஒரு சந்திப்பைக் காட்டுகிறது. திருநாவுக்கரசரை வருத்திப் பின் சைவனான பல்லவ மன்னனின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. அவன் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று மட்டும் சொல்கிறார். அதைக் கொண்டே வரலாற்றாசிரியர்கள் அவனை மகேந்திரவர்மன் என்று கண்டார்கள். திருநாவுக்கரசருக்குப் பெற்றோர் இட்ட பெயரோ மருணீக்கியார், மருளை நீக்குபவர். விசித்திரத்தைப் பட்டமாக அணிந்தவனும் மருளை நீக்குவதைப் பெயராகக் கொண்டவரும் ஒரே காலத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

விசித்திரம் புகழ்ச்சொல்லாக இருந்ததற்கு மகாபாரதக் கதை கேட்டவர் எவருக்கும் தெரிந்த சான்று விசித்திரவீரியன். சந்தனுவும் சத்தியவதியும் பெற்ற பிள்ளைகள் சித்திராங்கதனும் விசித்திரவீரியனும். பிறந்த குழந்தைக்கு எந்தத் தாயும் இகழ்ச்சியான பெயர் வைக்கமாட்டாள். இன்று ஒருவரை விசித்திரமானவர் என்றால் அவர் முகம் சுருங்கும். சொல் அதேதான். பன்மை, வண்ணம், புனைவு ஆகிய பொருள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, வழக்கத்துக்கு மாறானது என்பது மட்டும் எஞ்சியிருக்கிறது. அதிலும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் வந்தது ஆச்சரியம் என்றால் எதிர்பார்க்கவில்லை என்று பொருள். அவர் வந்தது விசித்திரம் என்றால், வந்ததற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

இச்சொற்களின் இலக்கண நடத்தையில் ஒரு வேறுபாடு உண்டு; அகராதிகள் அதைப் பொதுவாகப் பேசுவதில்லை. மருண்டான், வியந்தான், அதிசயித்தான், ஆச்சரியப்பட்டான் என்று ஒரு கூட்டம் சொற்கள் வினையாகும். வினையானவுடன் எழுவாயாக நிற்பவர் காண்பவர். விசித்திரமும் விநோதமும் இன்றைய தமிழில் அப்படி வினையாவதில்லை. விசித்திரப்பட்டேன், விநோதப்பட்டேன் என்று எவரும் சொல்வதில்லை. விசித்திரமான மனிதர், விநோதமான பழக்கம் என்று எதிரில் இருப்பதன்மேல் அடையாக ஒட்டுவதற்கு மட்டுமே அவை பயன்படுகின்றன. முதல் கூட்டத்துச் சொல்லைப் பயன்படுத்துபவர் தன்னைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது கூட்டத்தில் சொல்பவர் மறைந்துகொள்ள இடம் இருக்கிறது. இந்தச் சொற்களின் வரலாற்றில் நிகழ்ந்த மிகப் பெரிய நகர்வு இதுவே: காண்பவரின் தடுமாற்றமாக இருந்தது காணப்படும் பொருளின் குணமாக மாறியது.

இந்த நகர்வை எதிர்த்துப் பேசிய ஒரு புகழ்பெற்ற குரல் திரைப்படத்தில் ஒலித்தது. 1952இல் கிருஷ்ணன், பஞ்சு இயக்கத்தில் வெளிவந்த பராசக்தி படத்துக்கு மு. கருணாநிதி எழுதிய நீதிமன்ற உரையாடலில், சிவாஜி கணேசன் நடித்த குணசேகரன் தன் வழக்கைத் தொடங்கும்போதே விசித்திரம், புதுமை என்ற இரண்டு சொற்களையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் மறுக்கிறான். தன் வழக்கில் விசித்திரம் ஏதும் இல்லை, தானும் புதுமையான ஆள் இல்லை என்பது அவன் வாதம். பசியும் ஆதரவின்மையும் ஒரு குடும்பத்தைச் சிதைத்த கதை எங்கும் நடப்பதுதான். அதை விசித்திரம் என்று பார்ப்பவர் அதுவரை பார்க்காமல் இருந்தவர். அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொன்ன பல தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு. அதன் அழகு எதுகையிலும் ஏற்ற இறக்கத்திலும் இருப்பதாகவே பேசுகிறோம். ஒரு சொல்லைத் தன்மேல் ஒட்டவிடாமல் தடுத்த அதன் முதல் அடிதான் முழு வாதத்துக்கும் அடிப்படை.

விநோதமும் விகடமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பயணம் செய்தவை. விநோதம் வடமொழியில் பொழுதுபோக்கு, இன்பம். முதலாம் இராசராசனின் பட்டங்களில் நித்தவினோதன் ஒன்று. சோழநாட்டில் நித்தவினோத வளநாடு என்ற பகுதியே இருந்தது. எப்போதும் மகிழ்ந்திருப்பவன் என்ற பொருளில் வந்த அப்பட்டத்தை இன்றைய பொருளில் படித்தால் மன்னனை அவமதித்ததாகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் அட்டாவதானம் வீராசாமி செட்டியார் எழுதிய விநோதரசமஞ்சரியின் தலைப்பிலும் விநோதம் என்பது சுவையான செய்தி என்ற பொருளிலேயே இருக்கிறது. அதன் பிறகுதான் அது வழக்கத்துக்கு மாறானதாக நிறம் மாறியது. விகடம் இதற்கு நேர்மாறு. விகாரமானது, அச்சுறுத்தும் பெருவடிவம் என்பன அதன் பழைய பொருள்கள். விநாயகரின் பதினாறு திருப்பெயர்களில் விகடன் வருவது அந்தப் பொருளில்தான். கோணலான வடிவம் சிரிப்பூட்டுவதால் விகடம் நகைச்சுவையாயிற்று, தெனாலிராமன் விகடகவியானான், 1926இல் தொடங்கி 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன் அச்சொல்லைத் தமிழ் வீடுகளில் முற்றிலும் இனிய சொல்லாக்கியது. இன்பமாக இருந்தது கோணலாயிற்று, கோணலாக இருந்தது இன்பமாயிற்று. சிரிப்பும் மருட்சியும் அவ்வளவு நெருக்கம்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகவே பார்த்துச் செல்லலாம். இறும்பூது பழந்தமிழில் வியப்பு. இன்று மேடைகளில் இறும்பூது எய்துகிறோம் என்பவர்கள் பெருமகிழ்ச்சியையும் பெருமிதத்தையுமே கருதுகிறார்கள். அதிசயம் அளவு மிகுவதைக் குறித்த சொல். அற்புதம் ஏறத்தாழ முழுப் பாராட்டாகிவிட்டது. சாம்பார் அற்புதம் என்பவர் எந்தத் தெய்வச் செயலையும் எண்ணுவதில்லை. விபரீதம் தலைகீழானது என்பதிலிருந்து ஆபத்தானது என்பதற்குச் சென்றது. விந்தையைப் பாரதி கூர்மையாகத் திருப்பியிருக்கிறார்: பெண்களை வீட்டுக்குள் பூட்டிவைக்க எண்ணிய ஆண்களுக்குத்தான் பெண்கள் விடுதலைக் கும்மியில் அந்த அடைமொழி கிடைத்தது. அதுவரை படித்த பெண்ணைத்தான் ஊர் விந்தை என்றது.

புதுமைக்கு மட்டும் சற்று நின்று போக வேண்டும். தொல்காப்பியர் மருட்கைக்கு முதற்காரணமாக வைத்த சொல் அது. கத்தோலிக்கத் தமிழில் புனிதர்கள் செய்த அருஞ்செயல்களுக்குப் புதுமை என்றே பெயர். சீர்திருத்தத் திருச்சபையினர் அற்புதம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அதன் உறவான புதினம் உயிரோடு இருக்கிறது. என்ன புதினம் என்றால் என்ன செய்தி என்று பொருள். புதினமாய் இருக்கு என்றால் வியப்பாக இருக்கிறது என்று பொருள். புதினம் பார்ப்பது வேடிக்கை பார்ப்பது. தமிழ்நாட்டில் அதே சொல் நாவலுக்குப் பெயராகிவிட்டது. செய்தி, வியப்பு, வேடிக்கை, கதை நான்கையும் ஒரே சொல் தாங்கியிருப்பது தற்செயல் இல்லை. நான்கும் தெரியாததைத் தெரிந்துகொள்ளும் ஆவலில் பிறப்பவை.

அயலிலிருந்து வந்த பொருளுக்குப் பெயரிடும்போது தமிழ் வேறொரு வழியைக் கையாண்டது. விந்தை என்று சொல்லி விலக்காமல், வந்த இடத்தைப் பெயரின் முன்னால் வைத்தது. பரங்கிக்காய், சீமையெண்ணெய், சீமைக்கருவேலம் என எத்தனையோ. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை முகலாயர் ஆட்சியில் எழுந்து, 1750இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் கைக்குச் சென்று, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. ஒரு துறைமுகம் சில தலைமுறைகளுக்குள் மூன்று அயலாரைப் பார்த்தது. கோட்டையைச் சுற்றியும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகவும் நிற்கும் சவுக்குத் தோப்புகள்கூட அயலிலிருந்து வந்த மரத்தினாலானவைதான். இன்று சவுக்கு இல்லாத கடற்கரைதான் இவ்வூரார் கண்ணுக்குப் புதிது.

இத்தனை சொற்கள் இருந்தும், வாய்ப்பேச்சில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஒரு மாதிரி என்ற எளிய தொடர். இதன் வீச்சு வியக்கத்தக்கது. உடம்பு ஒரு மாதிரியா இருக்கு என்றால் இன்ன நோய் என்று சொல்லத் தெரியாத சுகவீனம். ஒரு மாதிரியா பாக்கறான் என்றால் பார்வையில் தவறான எண்ணம். அந்த ஆளு ஒரு மாதிரி என்றால் எச்சரிக்கை. ஒரு மாதிரியா வேலைய முடிச்சாச்சு என்றால் சிரமப்பட்டு முடித்த நிம்மதி. கடலுக்குப் போகிறவர்களுக்குப் பழகிய காற்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: வாடை, கொண்டல், கச்சான். எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத காற்று அடிக்கும் நாளில்தான், காத்து ஒரு மாதிரியா இருக்கு, இன்னிக்கு வேணாம் என்ற பேச்சு வரும். அந்த இரண்டு சொல்லில் அறியாமை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதனால் உயிர் காக்கப்படுகிறது. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு என்று காண்பவரின் பக்கமும், அவன் ஒரு மாதிரி என்று காணப்படுபவரின் பக்கமும் இத்தொடர் நிற்க முடியும். மேலே சொன்ன இரண்டு கூட்டத்திலும் சேரும் ஒரே உறுப்பினர் இதுதான். இது என்ன கூத்து என்பது இன்னொரு பேச்சு வழக்கு. விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும் வடதமிழ்நாட்டில் அதற்குத் தனி உறைப்பு உண்டு. அதில் வியப்போடு கண்டனமும் சேர்ந்திருக்கும். நியாயம் கெட்டுப்போனதைப் பார்க்கும்போதுதான் அது வாயில் வரும். இளையவர்களிடையே வித்தியாசமா இருக்கு என்பது பரவியிருக்கிறது. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று சொல்லாமல் தப்பிக்க உதவும் நாகரிகமான வழி அது.

செய்தித்தாள் தமிழில் இச்சொற்கள் அடையும் கதி கவலைக்குரியது. அடையாளம் தெரியாத ஆள் என்றாலே மர்ம நபர். காரணம் இன்னும் அறியப்படாத காய்ச்சல் மர்மக் காய்ச்சல். ஒரு கிராமம் பல தலைமுறையாகச் செய்துவரும் வழிபாட்டுக்கு விநோத வழிபாடு என்று தலைப்பு. அந்த ஊர்க்காரருக்கு அது ஆண்டுதோறும் செய்யும் நேர்த்திக்கடன். விநோதம் என்பது நகரத்திலிருந்து பார்க்கும் கண். மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையை வந்தவர்கள் அதிசயம் என்று படம் எடுக்கும்போது, அதன் அடியில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவது போன்றது இது. பாறைக்கு அதனால் கேடில்லை. மனிதர்மேல் அச்சொல் விழும்போது கேடு உண்டு.

உடற்குறையோடு பிறந்த குழந்தையை விசித்திரக் குழந்தை என்றும் அதிசயக் குழந்தை என்றும் தலைப்பிட்டுப் படத்தோடு வெளியிடும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அக்குழந்தைக்கு இருப்பது மருத்துவத்தில் பெயருள்ள ஒரு குறைபாடு. பெயர் தெரியாதது எழுதுபவருக்குத்தான். தொல்காப்பியர் சொன்ன அறிவு நிறையாமை எழுதுபவரிடம் இருக்க, அதன் சுமையைக் குழந்தையும் அதைப் பெற்றவளும் தூக்குகிறார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் இல்லாத வீட்டுக்கு வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை அனுப்பிவைக்கும் தலைப்பு அது.

ஆகவே பள்ளியில் சொற்பொருள் கற்பிப்பவர்களும் செய்தி எழுதுபவர்களும் இரண்டு கூட்டத்தையும் பிரித்து அறிந்து பயன்படுத்த வேண்டும். தன் உணர்வைச் சொல்லும் இடத்தில் வியந்தேன், மருண்டேன், ஆச்சரியப்பட்டேன் என்று எழுவாயோடு எழுதலாம். ஓவியத்துக்கும் கதைக்கும் கனவுக்கும் விசித்திரம் என்பதைப் பழைய வண்ணத்தோடு தாராளமாகச் சொல்லலாம். அடையாளம் தெரியாதவரை அடையாளம் தெரியாதவர் என்றே எழுதினால் போதும். நோய்க்கு நோயின் பெயரையும் வழிபாட்டுக்கு அந்த ஊர் வழங்கும் பெயரையும் கேட்டு எழுத வேண்டும். மனிதருக்கு முன்னால் விசித்திரம், விநோதம் என்ற அடைகளைப் போடுவதை நிறுத்திவிடுவது நல்லது.